தவறி வந்தது

இங்கே யாரும் அதை ஜார்ஜ் டவுன் என்பதில்லை.
தஞ்சோங் என்போம்; பஸ்காரனுக்கும் அதுதான் புரியும்.
ஜார்ஜ் டவுன் என்பது உறைமேல் மட்டும் இருக்கும் ஊர்.
முப்பத்தொரு வருஷம் தபால் பிரித்தவன் சொல்கிறேன்.

கயானாவுக்குப் போக வேண்டியவை வரும்.
கேமன் தீவின் வங்கிக் கடிதங்கள்
கனத்த தாளில், நகைப்பெட்டிபோல் வரும்.
'தவறி வந்தது' என்று சிவப்பில் குத்தி
சாக்கில் போடுவோம்.
ஒரே ஒரு முறை காம்பியாவுக்கானது வந்தது.
உறை முழுக்க எண்ணெய்க் கறை,
வறுத்த கடலை வாசம்.
அன்றிரவு வரைபடத்தில் தேடினேன்:
ஆற்றின் நடுவே ஒரு தீவு,
பாசிப்பயறு அளவு.
எந்த ஜார்ஜோ, அங்கேயும் பெயரை விட்டுப் போயிருந்தான்.

ஓய்வுப் பணம் வந்ததும் போனேன்.
மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட நர்ஸ்
"அங்கே உங்களுக்கு யார் இருக்காங்க?" என்றாள்.
அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று
சொல்லத் தோன்றியது இப்போதுதான்.

கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் உள்ளே.
மடியில் பை, காலடியில் யாரோ ஒருவரின் செம்மறி.
ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரிக்கு அன்று இன்ஜின் இல்லை.
குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப்
பயணிகளே கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார்கள்.
நானும் பிடித்தேன்.
பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஆயுளெல்லாம்
சும்மா நின்று வேடிக்கை பார்த்தவன்.
கரை தட்டியபோது
உள்ளங்கை ரேகையில் கிரீஸ் ஏறியிருந்தது.

அங்கேயும் யாரும் ஜார்ஜ் டவுன் என்பதில்லை.
ஜஞ்சன்புரே.

தபால் நிலையம் ஒற்றை அறை.
மேசைக்குப் பின்னால் ஞீமா சீசே.
இந்த ஞ-வுக்கு எங்களிடம் தனி எழுத்தே உண்டு என்று
ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
நண்டு மாதிரி இருக்கிறது என்றாள்.

வந்த காரியத்தைச் சட்டென்று கேட்க முடியாது அங்கே.
முதலில் தூக்கம், பிறகு வெயில், பிறகு
சுமோலு லே?
வீட்டு மனிதர்கள் எங்கே?
அதற்குப் பதில் ஒன்றுதான்:
ஈ பே ஜே. அங்கே இருக்கிறார்கள்.
என் வீட்டில் ஒரு மீன்தொட்டி. அதுவும் காலி.
அதைச் சொல்ல அந்தப் பேச்சில் இடமில்லை.
ஈ பே ஜே என்றேன்.
நல்லது என்று தலையசைத்தாள்,
அவர்களைப் பார்த்துவிட்டவள்போல்.

கடலை வாசக் கடிதம் வந்து சேர்ந்ததா?
அவளுக்கு நினைவில்லை.
ஆனால் இழுப்பறையின் அடியிலிருந்து
நீல வான்மடல் ஒன்றை எடுத்துப் போட்டாள்.
"இது உன் ஊர்தானே?"
மிஸ் ரோஸலின் அடைக்கலம், முன்ட்ரி ஸ்ட்ரீட், பினாங்கு.
அனுப்பியவர் பெயர் இருந்த மூலையைக்
கரையான் தின்றிருந்தது.
அந்நியனிடம் தபாலைத் தரக்கூடாது.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு ஆற்றில் ஏதோ கனமாக இருமியது.
நீர்யானை, டார்ச் அடிக்காதே என்றான் விடுதிப் பையன்.
தலையணைக்கடியில் மடலை வைத்துப் படுத்திருந்தேன்.
யாருடையதோ ஒரு பதில்
முப்பது வருஷம் பிந்தி
என்னிடம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இன்று முன்ட்ரி ஸ்ட்ரீட்.
கதவு எண் அப்படியே இருக்கிறது,
பித்தளையில் புதிதாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள்.
உள்ளே குளிரூட்டி, ஒரு செயற்கை வாழை.
"செக்-இன்னா, அங்கிள்?" மலாயில் கேட்டான் பையன்.
வீட்டு மனிதர்கள் எங்கே என்பது
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
அவனிடம் அதற்கான பதில் இருக்காது,
பொய்யாகக்கூட.

நாலு மணி மழை பிடித்துக்கொண்டது.
அஞ்சடியில் ஒதுங்கி
மடலைச் சட்டைக்குள் நுழைத்தேன்.
எதிரே சாமான் கடையில் ஒரு கிழச் சீனர்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரைக் கேட்கலாம். நாளைக்கு.
ஆளில்லாத வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும்,
எங்கள் பிரிவில் அதுதான் விதி.
இது முதல் தடவை.